நடுச்சேனல்காரி

சிலோனுக்குப் போகாமலே சிலோனைப் பார்த்துக்கொண்டிருந்த ஊர் அது. மொட்டைமாடிகளில் தென்னை உயரத்துக்குக் குழாய் நட்டு, அதன் உச்சியில் ஆன்டெனாவைக் கட்டி, காற்று மாறும்போதெல்லாம் ஒருவர் மாடியேறிக் குழாயைத் திருக, ஒருவர் கீழே டிவிக்கு முன்னால் நின்று "எடுக்குது, எடுக்குது... ஐயோ போச்சு... கொஞ்சம் கிழக்க, இன்னும் கிழக்க... ஆ, எடுக்குது!" என்று கத்த, அந்தக் கத்தல் கோயில் மணியைப் போலத் தெருவுக்குத் தெரு பதில் சொல்லிக்கொண்டிருந்த தூத்துக்குடியில், கடலோரத்துச் சந்து ஒன்றில், லியோன் என்பவன் ஒரு நம்பரைத் தப்பாகத் தட்டினான், அதனால் ஒரு பெண் வந்தாள்.

லியோனுக்குத் துறைமுகத்தில் கிரேன் பழுது பார்க்கிற வேலை. சிலோன்காரன் நல்ல படம் போடுகிற நேரமாகப் பார்த்து அவனுக்கு ஷிப்ட் வரும். அதற்காகத்தான் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, அதற்குள் ஒரு டிவி ட்யூனர் கார்டைச் செருகி, ஆன்டெனா வயரை அதன் முதுகில் இருந்த துளையில் மாட்டினான். கார்டோடு வந்த சிடி கீறல் விழுந்து கிடந்தது. கூட வேலை பார்க்கிற ஒருவர், "சிடி எதுக்குவே, கமாண்ட் போட்டே ரெக்கார்டு பண்ணலாம்" என்று, படமும் பொத்தானும் இல்லாத ஒரு கறுப்புத் திரையைத் திறந்து காட்டிவிட்டுப் போனார். எல்லாவற்றையும் ஒரே வரியில் எழுத வேண்டும்: எந்தக் கார்டு, எந்த அலைவரிசை, சத்தம் எந்தத் துளையிலிருந்து, எவ்வளவு நேரம், என்ன பெயரில் சேமிக்க. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு கழித்தல் கோடு. எண்டரைத் தட்டினால் படம் தெரியாது, வெறும் எண்கள் ஓடும்; ஓடி முடிந்து ஃபைலைத் திறந்தால்தான் படம். லியோன் இரண்டு விரலால் தட்டுகிறவன். ஷிப்டுக்கு நேரமாகிவிட்ட ஒரு நாள், அலைவரிசையின் இரண்டு இலக்கங்களை இடம் மாற்றித் தட்டிவிட்டு ஓடினான். திரும்பி வந்து பார்த்தால் சிலோனும் இல்லை, தூர்தர்ஷனும் இல்லை. இரண்டுக்கும் நடுவில், புள்ளியும் இரைச்சலும் மட்டுமே இருக்க வேண்டிய இடத்தில், ஓர் அடுக்களை இருந்தது. அடுக்களையில் ஒருத்தி மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பெனி, இங்க வாயேன். இது யாருட்டி?"

அவன் மனைவி பெனிட்டா இடுப்பில் பிள்ளையோடு வந்து எட்டிப் பார்த்தாள். "ஒங்க கம்ப்யூட்டருக்குள்ள இருக்கா. ஒங்களுக்குத் தெரியாதது எனக்குத் தெரியுமாக்கும்?" என்றாள். பார்த்த மாத்திரத்திலேயே அவளுக்கு அந்தப் பெண்ணைப் பிடிக்காமல் போய்விட்டது. மீன் கழுவும்போதுகூட அவளுடைய முந்தானை நனையவில்லை.

அதிசயம் என்று தெருவில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. கடலுக்கு அந்தப் பக்கத்துச் செய்தியும் பாட்டும் சோப்பு விளம்பரமும் காற்றில் வந்து வீட்டுக்குள் இறங்கும்போது, இரண்டு சேனலுக்கு நடுவில் ஒருத்தி குடியிருக்கக் கூடாதா என்ன, அங்கே வாடகை குறைவாக இருக்கும் என்றார் கிறிசோஸ்தம் அண்ணன். அந்தத் தெருவுக்கே ஆன்டெனா கட்டிக் கொடுத்தவர் அவர் என்பதால் அதுவே தீர்ப்பாகிப் போனது. அவர் மனைவி தஸ்நேவிஸ் அக்கா அன்றைக்கே வீட்டிலிருந்து தனக்கொரு முக்காலியைக் கொண்டுவந்து கம்ப்யூட்டருக்கு முன்னால் போட்டாள், பிறகு அதைத் திரும்ப எடுத்துப் போகவே இல்லை. படத்துக்குச் சத்தம் வரவில்லை. எந்தத் துளை என்று லியோன் மாற்றி மாற்றிக் கமாண்ட் போட்டும் ஓர் இரைச்சல்தான் கேட்டது. ஆகவே தெருவே அவளுக்குக் குரல் கொடுத்தது. "உப்பு பத்தலங்கா, உதட்டப் பாரு." "இல்லக்கா, புருசன வைதுட்டு இருக்கா." "எங்க புருசன்? ஒரு சட்டை காயுதா கொடியில? தனியாள்ளா அது." பங்குச் சாமியாரும் ஒரு நாள் வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு ஃபைல் முழுவதும் பார்த்துவிட்டு, "மாதாவும் இல்ல, பேயும் இல்ல. பேய் எங்கயாவது சாம்பல் போட்டுப் பாத்திரம் தேய்க்குமா? ஜெபமாலை சொல்லி முடிச்சிட்டுப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்படியாக நடுச்சேனல்காரி அந்தத் தெருவில் ஓர் ஆளானாள். அவள் கொடியிலிருந்து துணியை எடுத்தால் தெருவே துணியை எடுத்தது, எடுத்து முடிக்கும் முன் மழையும் வந்தது. அவள் சாளை மீன் குழம்பில் மாங்காய் போட்டால் மறுநாள் எல்லா வீட்டிலும் மாங்காய் கொதித்தது. பெண் பார்க்கப் போகிறவர்கள், "நடுச்சேனல்காரி மாதிரி கை சுத்தம் இருந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவளுடைய வீட்டு உத்தரத்தில் ஒரு தொட்டில் கொக்கி இருந்தது. தொட்டில் இல்லை. அதைப் பற்றி மட்டும் யாரும் குரல் கொடுக்கவில்லை.

பெனிட்டாவுக்குத்தான் அடிவயிற்றில் எரிந்தது. லியோன் ஷிப்ட் முடிந்து வந்ததும் சோற்றைக் கேட்பதற்கு முன்னால் கம்ப்யூட்டரைப் போட்டான். ஷிப்டுக்குக் கிளம்பும்போது அதே தப்பு நம்பரைத்தான் தினமும் தட்டிவிட்டுப் போனான்; சிலோன் படத்தை மறந்தே போனான். "அவ டப்பா எல்லாம் எப்படி அடுக்கி வச்சிருக்கா பாத்தியா?" என்றான் ஒரு நாள், வாயில் சோற்றோடு.

"அவ இடுப்புல பிள்ள இல்ல. பிள்ள இல்லாத வீட்டுல டப்பா அடுக்கித்தான் இருக்கும்."

"நான் என்ன சொல்லிட்டேன்னு இப்படி வெட்டுத?"

"ஒண்ணும் சொல்லல. தின்னுங்க."

இந்த எரிச்சலுக்கு ஒரு பெயர் உண்டு என்று பெனிட்டாவுக்குத் தெரியும். கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் அவள் இரண்டு விஷயங்களைக் கண்ணை மூடிக்கொண்டு கற்றவள். ஒன்று டைப்ரைட்டிங், கையைப் பார்க்கக் கூடாதென்று சிஸ்டர் எவாஞ்சலின் விரல்களுக்கு மேல் ஒரு கைக்குட்டையை விரித்துவிடுவார். இன்னொன்று தலையான பாவங்கள் ஏழு. அந்த ஏழில் ஒன்றுக்குக் காய்மகாரம் என்று பெயர். பிறத்தியார் நன்றாயிருப்பதைக் கண்டு வேகிற பாவம். சின்ன வயதில் அதை ஏதோ காயின் காரம் என்றே அவள் நினைத்திருந்தாள்; அதனால் ஒப்பிக்கும்போதெல்லாம் நாக்கின் நுனியில் மிளகாய் கடித்தது போல் சுரீரென்றது. இப்போது, எவளோ ஒருத்தி எங்கேயோ பாத்திரம் தேய்ப்பதைப் பார்க்கும்போது, அதே இடத்தில் அதே காரம் ஏறியது.

அதை விடவும் பெரிய பயம் ஒன்று இருந்தது. பிள்ளை அமலிக்கு முதல் பிறந்தநாள் கழிந்து மாதங்களாகியும் ஒரு சொல் வரவில்லை. அம்மா என்றுகூட வரவில்லை. பெனிட்டா அவள் மூச்சைக் கேட்டபடியே படுத்திருந்தாள், காதருகே கைதட்டிப் பார்த்தாள், கொலுசு வாங்கிப் போட்டாள், மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்தாள். பிள்ளை சிரித்தது, தவழ்ந்தது, பிடித்துக்கொண்டு நின்றது, பேசவில்லை. அழுகிற நேரத்தில் அது அடங்குகிற இடமும் ஒன்றுதான்: அந்தக் கம்ப்யூட்டர்.

ஒரு சாயங்காலம் தெருவே கூடியிருக்க, அன்றைய ஃபைலில் நடுச்சேனல்காரி கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். வந்தவள், எந்தப் பிள்ளையைக் கண்டாலும் எந்தப் பெண்ணும் செய்வதைப் போல, இரண்டு கையையும் நீட்டினாள். அமலி தரையிலிருந்து எழுந்து, பிடிமானம் இல்லாமல் நின்று, தன் இரண்டு கையையும் திரையை நோக்கித் தூக்கி, தெள்ளத் தெளிவாகச் சொன்னது:

"எடு."

"ஏளா, பிள்ள பேசிட்டாளா!" என்று தஸ்நேவிஸ் அக்கா முக்காலியை உருட்டிவிட்டு எழுந்தாள். கிறிசோஸ்தம் அண்ணன் கடைக்கு ஓடிச் சீனி வாங்கிவந்து எல்லார் வாயிலும் போட்டார். லியோன் பிள்ளையைத் தூக்கிச் சுற்றினான். பெனிட்டாவின் வாயிலும் யாரோ சீனி போட்டார்கள். அது இனிக்கவில்லை. பெற்றவள் பக்கத்தில் நிற்கும்போது, பிள்ளை வாய் திறந்து முதன்முதலாகக் கேட்டது இன்னொருத்தியிடம். போதாததற்கு அந்தச் சொல் வேறு. மாடிக்கு மாடி கத்துகிற அதே சொல். சிலோன் எடுக்குது, படம் எடுக்குது, நல்லா எடுக்குது. இவ்வளவு நாளும் எதை எடுக்கிறது என்று யாராவது கேட்டார்களா? எடு என்று பிள்ளையே சொன்னபிறகு, அவள் எடுத்துக்கொண்டு போய்விட மாட்டாளா?

மறுநாள் லியோன் வேலைக்குப் போனதும், பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு, பெனிட்டா கறுப்புத் திரையைத் திறந்தாள். அவனுக்குத் தெரியாமல் அவள் எல்லாவற்றையும் பார்த்து வைத்திருந்தாள். ரெக்கார்டு பண்ண நீளமான வரி வேண்டும், கழித்தல் கோடு கோடாகப் போட வேண்டும். அழிக்க இரண்டே எழுத்துப் போதும், ஒரு கோடும் வேண்டாம். அந்த இரண்டு எழுத்தை அடித்தாள், ஃபைலின் பெயரையும் அடித்தாள், பத்து விரலாலும், கையைப் பார்க்காமல். எண்டர் மட்டும் பாக்கி. அப்போதுதான், அவளைக் கடைசியாக ஒரு தடவை, தெருவும் புருசனும் பக்கத்தில் இல்லாமல், ஆசை தீர வெறுத்துப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. அடித்ததைத் துடைத்துவிட்டு ஃபைலை ஓட விட்டாள்.

அன்றைக்குத்தான் அந்த வீட்டுப் பீரோவைக் கவனித்தாள். பீரோவில் கண்ணாடி இருந்தது. நடுச்சேனல்காரி நம்மைப் பார்த்து நிற்கிறாள் என்று தெரு நினைத்திருந்தபோதெல்லாம், அவள் பார்த்துக்கொண்டிருந்தது அவள் வீட்டு டிவியை. அந்த டிவி அவள் முதுகுக்குப் பின்னாலிருந்த கண்ணாடியில் சின்னதாகத் தெரிந்தது. அந்த டிவிக்குள் ஒரு ஹால், ஹாலில் ஒரு தொட்டில், தொட்டிலுக்குப் பக்கத்தில் தலை வாராத ஒருத்தி, இடுப்பில் பிள்ளையோடு, போகவும் வரவுமாக இருந்தாள். அது தான்தான் என்று தெரிய பெனிட்டாவுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. இங்கே எண்கள் ஓடுகிற நேரமெல்லாம் அங்கே இந்த வீடு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

அவள் நடுச்சேனல்காரியின் முகத்தை மறுபடி பார்த்தாள். இமைக்காமல் பார்க்கிற அந்த முகத்தை அவளுக்குத் தெரியும். தினமும் தலை சீவும்போது பார்க்கிற முகம். 'ஓகோ' என்று நினைத்தாள். 'நீ என்னைப் பார்த்து வேகுறியா?'

பெனிட்டா ஃபைலை அழிக்கவில்லை.

அன்றிலிருந்து கமாண்ட் போடுகிற வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். "நீங்க ரெண்டு வெரலால தட்டி எப்ப முடிக்க? தள்ளுங்க" என்றாள். லியோன் வாயைப் பிளந்து, தன் பெண்டாட்டியின் விரல்கள் மழை பெய்வது போல இறங்குவதைப் பார்த்தான். விளக்கு வைக்கிற நேரத்தில் அவள் முகம் கழுவினாள், பிச்சிப்பூ வைத்தாள், திருவிழாவுக்கு என்று மடித்து வைத்திருந்த சேலையைக் கட்டினாள், எண்டரைத் தட்டினாள். எண்கள் ஓடத் தொடங்கியதும் பிள்ளையை எடுத்தாள். எடுத்து முத்தம் கொடுத்தாள், உச்சிக்குத் தூக்கிப் போட்டுப் பிடித்தாள், கன்னத்தோடு கன்னம் வைத்துத் திரையின் பக்கம் திரும்பி நின்றாள், முட்டையின் மஞ்சளை விரலால் பிசைந்து ஊட்டினாள், தொட்டிலில் போட்டு ஆட்டினாள், ஆட்டிவிட்டு மறுபடி எடுத்தாள். உலகத்தில் யாரோ ஒருத்தி தன்னைப் பார்த்து ஏங்குகிறாள் என்பதில் இருந்த ருசியை அவள் அதற்கு முன் தின்றதில்லை. ஊட்ட ஊட்டப் பசித்தது, அவளுக்கு.

ஃபைல்களில் நடுச்சேனல்காரி மாறிப்போனாள். மீனைக் கழுவாமல் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். பாத்திரம் குவிந்தது. மோவாயைக் கையில் தாங்கிக்கொண்டு பார்த்தாள், பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். "என்னளா இவ, அடுப்பே பத்த வைக்கல? எங்க வீட்டுல இன்னைக்கு என்ன கொழம்பு வைக்கதாம்?" என்று தஸ்நேவிஸ் அக்கா குறைப்பட்டாள். துணி எடுக்காமல் அவள் உட்கார்ந்திருந்ததால் தெருவே ஒரு மழையில் நனைந்தது.

பிறகு அமலிக்குக் காய்ச்சல் கண்டது. டாக்டர் ஊசி போட்டு சிரப் கொடுத்தார். இறங்கும், விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஏறும். பேச்சு நின்றுபோனது. எடு என்றுகூடக் கேட்கவில்லை, வெந்த கீரைத்தண்டு மாதிரி பெனிட்டாவின் தோளில் கிடந்தது. பயம் தாங்காமல் அவள் தஸ்நேவிஸ் அக்காவிடம் பீரோக் கண்ணாடியைப் பற்றியும், பூ வைத்ததைப் பற்றியும், தூக்கித் தூக்கிக் காட்டியதைப் பற்றியும் கொட்டிவிட்டாள்.

"அடி பாவி மட்ட" என்றாள் அக்கா. "பிள்ளைக்கு ஏங்குதவ கண்ணு முன்னாடி பிள்ளைய ஆட்டிக் காட்டுனியா? கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதுன்னு ஒனக்கு ஒரு சிஸ்டரும் சொல்லலையா?"

கண்ணுக்கு மருந்து எல்லாருக்கும் தெரிந்ததுதான். யார் கண் பட்டதோ அவள் காலடி மண், ஒரு பிடி கல்லுப்பு, வற்றல் மிளகாய். பிள்ளையைச் சுற்றி நெருப்பில் போட வேண்டும். கண்தான் என்றால் மிளகாய் நெடியே அடிக்காமல் எரியும். ஆனால் இரண்டு சேனலுக்கு நடுவில் இருப்பவளின் காலடி மண்ணுக்கு எங்கே போவது? தெரு கூடி யோசித்தது. படகில் போய்க் கடல் நடுவில் அள்ளலாமா என்றார் ஒருவர். கடைசியில் கிறிசோஸ்தம் அண்ணன்தான் திருப்புளியோடு வந்தார். "அவ வாரது போறது எல்லாம் அந்தக் கார்டு வழியாத்தான? அதுதான் அவளுக்கு வாசப்படி" என்று கம்ப்யூட்டரின் பக்கத்தைக் கழற்றி, கார்டை உருவி, அதன் மேல் படிந்திருந்த சாம்பல் நிறத் தூசியை ஷேவிங் பிரஷால் தாளில் தட்டி, பவ்யமாகக் கொடுத்தார்.

அக்கா சுற்றினாள். நெருப்பில் போட்டாள்.

போட்டதுதான் தாமதம், நெடி வீட்டை விட்டுக் கிளம்பியது. லியோன் இருமினான், அண்ணன் இருமினார், எதிர்வீட்டு ஆட்கள் இருமிக்கொண்டே வெளியில் ஓடிவந்தார்கள், சந்து முழுக்க ஆளாளுக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார்கள்.

"அவ கண்ணு இல்ல" என்றாள் தஸ்நேவிஸ் அக்கா, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு. "இவ்வளவு நெடி ஏறுனா அவ கண்ணே இல்ல."

"அப்போ இத்தன நாளும் அவ என்னத்தப் பாத்தா?" என்றாள் பெனிட்டா.

"பிள்ளையப் பாத்திருப்பா" என்றார் கிறிசோஸ்தம் அண்ணன், கார்டைத் திரும்பச் செருகிக்கொண்டே. "நல்லாருக்கேன்னு பாத்திருப்பா. பாக்கதுக்கு வேற என்ன காரணம் வேணும்?"

எல்லாரும் கலைந்தார்கள். லியோன் மருந்துக்கடைக்குப் போனான். பெனிட்டா பிள்ளையைத் தோளில் போட்டபடி நின்றாள். அவளுக்குத் தெரிந்த முகம், தலை சீவும்போது பார்க்கிற முகம் என்று தான் நினைத்த முகத்தை இன்னொரு தடவை நினைத்துப் பார்த்தாள். அதில் அவள் கண்ட வேக்காடு தன்னுடையதுதான். பெற்ற கண்ணும் படும் என்று சொல்வார்கள். பிள்ளையை எடுத்த ஒவ்வொரு தடவையும், பிள்ளையைப் பார்த்தா எடுத்தாள்? பிள்ளைக்கு அந்தப் பக்கம் ஒருத்தி எரிகிறாளா என்று பார்த்தல்லவா எடுத்தாள்.

அவள் வாசலில் இறங்கி, சந்து மணலில் காலை அழுத்தி வைத்து, எடுத்து, அந்தப் பள்ளத்திலிருந்து ஒரு பிடி அள்ளினாள். எந்தக் கண் முன்னால் ஆடினாளோ அந்தக் கண் முன்னாலேயே இதுவும் நடக்க வேண்டும் என்று, பூ இல்லாமல், பழைய சேலையோடு, பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஒற்றைக் கையால் அந்த நீண்ட வரியை அடித்தாள். முதல் தடவையாக விரல் தடுமாறியது. கையைப் பார்த்துப் பார்த்துத்தான் அடித்தாள். எண்கள் ஓடின. தன் காலடி மண்ணையும் உப்பையும் மிளகாயையும் மூடிய கைக்குள் வைத்து அமலியைச் சுற்றினாள். நின்று, யோசித்து, அதே கையால் கம்ப்யூட்டரையும் மூன்று சுற்றுச் சுற்றினாள். தன் கண் அங்கேயும்தானே பட்டிருக்கும். நெருப்பில் போட்டாள்.

மிளகாய் சிவந்தது, கறுத்தது, சுருண்டது. ஒரு தும்மல்கூட வரவில்லை. பச்சைத் தண்ணீரை ஊற்றியது போல் வாசமே இல்லாமல் எரிந்து அடங்கியது.

பக்கத்து வாசலிலிருந்து தஸ்நேவிஸ் அக்கா வந்து எட்டிப் பார்த்தாள். அடுப்பைப் பார்த்தாள், மிளகாய்க் காம்புகளைப் பார்த்தாள், வாசல் மணலில் இருந்த ஒற்றைக் காலடிப் பள்ளத்தைப் பார்த்தாள். யாருடைய மண் என்று கேட்கவில்லை. தன் காலால் அந்தப் பள்ளத்தைத் தூர்த்துவிட்டு, "பிள்ளைக்குக் கஞ்சி காச்சவா?" என்று மட்டும் கேட்டாள்.

லியோன் வரும்போது அமலியின் நெற்றி வேர்த்திருந்தது. கஞ்சி குடித்தது. ஃபைலைத் திறக்கச் சொன்னது பெனிட்டாதான்.

அங்கே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பாத்திரமெல்லாம் கழுவி அடுக்கியிருந்தது. நடுச்சேனல்காரி முன்னால் வந்து நின்று, மூடிய கையை இந்தப் பக்கம் நீட்டி, உதடு அசைய, மெதுவாக, ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று. பிள்ளைக்குச் சுற்றினாள், பிள்ளையை வைத்திருந்தவளுக்கும் சேர்த்துச் சுற்றினாள். சுற்றிய கையை நெருப்பின் மேல் திறந்தாள். யாரும் அவளுக்குக் குரல் கொடுக்கவில்லை.

அமலி திரையைப் பார்த்தது. பிறகு கழுத்தைத் திருப்பி, தலை வாராத தன் அம்மாவைப் பார்த்து, இரண்டு கையையும் தூக்கியது.

"எடு."

பெனிட்டா எடுத்தாள். யார் பக்கமும் திரும்பாமல், கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். கண்ணைத் திறந்தபோது, அங்கே அவள் குனிந்து சாம்பலை ஊதிக்கொண்டிருந்தாள். சாம்பல் எங்கெல்லாமோ பறந்தது, அவளுடைய முந்தானையில் மட்டும் ஒரு பொட்டுக் கரி படவில்லை. அதைப் பார்த்ததும் பெனிட்டாவின் நாக்கு நுனியில் லேசாக, மிக லேசாக, காரம் தெரிந்தது.